சத்தம் போடாத கூடு

மூன்றாம் குழாயில் மிக்சி ஓடிய வீட்டில் அன்றைக்குச் சண்டை இருக்காது. வேர்க்கடலைச் சட்னி வேண்டுமா, கணவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டுமா என்பதைக் காலையில் பல் விளக்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒலிப்பங்கு போதாது. பிரமு பெரும்பாலும் சட்னி இல்லாமலேயே இட்லி தின்றாள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு. நமக்கெதற்கு.

குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை. நிலவின் தரைக்கு அடியில், எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன பொந்து. ஒரு பெரிய கடைத்தெருவை அப்படியே உள்ளே நுழைத்துவிடலாம், அவ்வளவு அகலம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பற்றவைப்பு வேலைக்கு என்று வந்தவர்கள் அதற்குள் உட்பூச்சுப் பூசி, காற்று நிரப்பி, வரிசை வரிசையாக வீடு கட்டி, வந்த வேலை முடிந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டார்கள். காற்றை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த உட்பூச்சுதான். கண்ணாடி மாதிரி. அதற்குக் குளிர் ஆகும், சூடு ஆகும், அதிர்வு மட்டும் ஆகாது. ஆகவே வீட்டுக்கு இவ்வளவு சத்தம் என்று நாள்தோறும் அளந்து விட்டார்கள். சுவரில் ஒலிமானி பச்சையாக இருந்தால் நிம்மதி, மஞ்சள் என்றால் கிசுகிசுப்பு, சிவப்பு என்றால் மறுநாள் செயலர் வாசலில் நிற்பார். தும்மல் வந்தால் தலையணையைத் தேடுவார்கள். கல்யாணம் வந்தால் கெட்டிமேளத்துக்கு உறவும் நட்பும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கை மொய்யாக எழுதுவார்கள்.

பிரமநாயகி என்பது முழுப்பெயர். பிரமு என்றால்தான் தெரியும். குழாயில் விரிசல் கேட்பவள் அவள். கேள்குழல் என்றொரு கருவியைச் சுவரில் வைத்து, காதைக் கொடுத்து, உட்பூச்சில் எங்கே கீறல் விழுகிறது என்று சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் காது கொடுத்தவள், சொந்த வீட்டுச் சத்தத்தை மட்டும் சகித்துக்கொண்டு கிடந்தாள். அவள் வீட்டுமூளையின் விசிறிதான் அந்தச் சத்தம்.

அங்கே வீட்டுக்கு வீடு ஒரு கணினி உண்டு. காற்றைக் கலப்பது, தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பி விடுவது, வெப்பம் பார்ப்பது எல்லாம் அதன் வேலை, நிறுத்த முடியாது. கடையில் செய்து வைத்த மூளையை யாரும் வாங்குவதில்லை. அடுத்தவன் கை பட்டது, உள்ளே என்ன வைத்திருப்பானோ என்று பயம். சில்லு வாங்கி, பலகை வாங்கி, குடும்பமே உட்கார்ந்து வடாம் இடுகிற மாதிரி வீட்டிலேயே கூட்டிச் சேர்த்தால்தான் திருப்தி. அப்படிச் சேர்த்த மூளையை இன்னொரு வீட்டு மூளையோடு இணைக்கவும் கூடாது. அது தனிமூளைச் சட்டம். ஒரு காலத்தில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்து வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் எழுதி எழுதிப் பேசினார்கள். யார் யாரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் ஒருநாள் மொத்தமாக வெளியே கொட்டி, பாதிக் குழாய் மீதிக் குழாயோடு பேச்சை நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்த சட்டம்.

பிரமு வீட்டு மூளைக்கு ஊரில் நல்ல பெயர். அது பேசாது, சத்தத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் சுவரில் எழுதும். 'கிட்டங்கிக்குத் தக்காளி வந்திருக்கு, சீக்கிரம் போ' என்று எழுதும். கிடங்குக்குப் போனால் தக்காளி இருக்கும். 'நாளைக்குத் தண்ணி வரத்துக் கம்மி' என்று எழுதும், கம்மியாகத்தான் வரும். யாரோடும் இணைப்பே இல்லாமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டால், நயினார் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் கணிப்பு. நான் சேத்த மூளல்லா," என்பார். நயினார் அவள் கணவர். பலகையில் நாலு திருகு முடுக்கியதைத் தவிர அவர் எதையும் சேர்க்கவில்லை என்பது பிரமுவுக்குத் தெரியும். சொல்லிக்காட்டப் பங்கு இல்லாததால் விட்டுவிட்டாள்.

கொஞ்ச காலமாக அந்த விசிறி கூடுதலாக இரையத் தொடங்கியிருந்தது. தூசி துடைத்தார்கள், எண்ணெய் விட்டார்கள், ஆடாமல் கிடக்கட்டும் என்று அடியில் துணி மடித்து வைத்தார்கள். கேட்கவில்லை. ஒலிப்பங்கில் பாதிக்கு மேல் அதுவே தின்றது. இந்த நேரம் பார்த்துத்தான் பிரமு முழுகாமல் இருந்தாள்.

செயலர் தளவாய் ஒரு காலைப்பொழுதில் வந்தார். எப்போதும் வாசலைத் தாண்டாமல், விரலை உதட்டில் வைத்தபடியேதான் பேசுவார்.

"சந்தோசமான சேதிதாம்மா. ஆனா ஒலிமானியப் பாத்தியா? பொறக்கப் போற பிள்ளைக்கு அழப் பங்கு வேணும்லா. இருக்கா?"

"விசிறிய ஒண்ணும் செய்ய முடியல சார்."

"பக்கத்து வீட்டுல இருந்து புகாரும் வந்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல." அவர் பார்வை ஜெபராணி வீட்டுச் சுவர் பக்கம் போய்த் திரும்பியது. "பிள்ளை வாரதுக்குள்ள பங்க மிச்சம் பிடிக்கலேன்னா, எனக்கு வேற வழி கிடையாது. ஓரக்குழாய்தான்."

ஓரக்குழாய் என்றால், பூச்சுப் பூசாத பொந்தில் இரட்டைச் சுவர்க் கூண்டுகள். எவ்வளவு அழுதாலும் கேட்க ஆள் இல்லை என்பதுதான் அதன் வசதி. தாயும் பிள்ளையும் மட்டும் போகலாம். தகப்பன் வேலை பார்க்கிற குழாயிலேயே இருக்க வேண்டும். பிள்ளை கிசுகிசுக்கப் பழகும் வரை அங்கே கிடந்துவிட்டு வரவேண்டும். போய்வந்த பெண்கள் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ஜெபராணியும் தன் மகளோடு அங்கே இருந்து வந்தவள்தான். வந்ததிலிருந்து தலையாட்டுவாள், சிரிப்பாள், பேச்சு என்று வாயைத் திறக்க மாட்டாள். புகார் எழுத மட்டும் கை நீண்டிருக்கிறது என்று பிரமு நினைத்துக்கொண்டாள்.

"கூட்ட மாத்திருவோம்," என்றார் நயினார்.

மூளையை வைக்கும் பெட்டிக்குக் கூடு என்று பெயர். பூமியில் கேபினெட் என்றார்களாம். ஒரு கூடு வாங்குவது அங்கே ஒரு சம்பந்தம் பேசுவதற்குச் சமம். பிச்சைக்கண்ணு அண்ணாச்சி கடையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆட்கள் வரிசையாகக் குனிந்து, ஓடிக்கொண்டிருக்கும் கூடுகளில் ஆளுக்கொரு பக்கம் காதை ஒட்டி நிற்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். பேரம்கூடக் கைத்துணிக்குள் விரலைப் பிடித்துத்தான். அண்ணாச்சி ஒருவர்தான் பேசுவார். வியாபாரப் பங்கு தனி.

"இது பாருங்க, முன்பக்கம் பூரா சல்லடை. மூளைக்குச் சளி பிடிக்கணும், அம்புட்டுக் குளிர்ச்சி."

பிரமு காதை வைத்தாள். எடுத்தாள். "சத்தம் வருதே அண்ணாச்சி."

"காத்து போற வழியில சத்தமும் போகத்தான செய்யும். சரி, இது வேண்டாம். இதப் பாருங்க, உள்ளுக்குள்ள சுத்திப் பஞ்சு வச்சுத் தச்சது. கப்சிப்."

"சூடு?"

அண்ணாச்சி மேலே பார்த்தார். "கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும். அடிச்சா லேசா உளறும். போன வாரம் ஒரு வீட்டுல குளிக்கிறவர் மேல ரசம் கொதிக்கிற சூட்டுல தண்ணிய விட்டுட்டு. மத்தபடி நல்ல கூடு."

நயினார் தன் தோளைத் தானே தடவிக்கொண்டார்.

அடுத்து வந்தது பெரிய விசிறிக் கூடு. விசிறி பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றினால் போதும், சின்ன விசிறிதான் கொசு மாதிரிக் கத்தும் என்று அண்ணாச்சி விளக்கினார். விளக்கம் சரிதான். ஆனால் அதை வீட்டுக்குள் வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டும். பிரமு ஒவ்வொன்றாகக் காது வைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு கறுத்த கூட்டின் முன்னால் நின்றாள். காதை வைத்தாள். மறு காதை வைத்தாள். தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது.

"இது ஓடலையோ?"

"ஓடுதும்மா." அண்ணாச்சியின் குரல் தானாகவே தணிந்தது. "வாயில்லாக் கூடு. விசிறியே கிடையாது. செம்புக் குழல்ல குளிர்ச்சாறு ஓடி, சூட்ட முதுகுத் தகட்டுக்குக் கொண்டு போகும். தகட்டப் பின்சுவர்ப் பாறையோட சேத்துப் பூட்டிரணும். இடையில ரப்பர் வளையம், கீழ ரப்பர் கால். ஒரு அதிர்வு வெளிய போகாது, ஒண்ணு உள்ள வராது. பாறை எப்பவும் சில்லுன்னுதான் கிடக்கு. நம்ம சூட்ட அதுகிட்டக் குடுத்தா, அது யார்ட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல."

விலையை நயினாரின் விரலைப் பிடித்துச் சொன்னார். நயினாரின் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கூடுகளிலிருந்து காதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வாங்கினார்கள். பிள்ளை காரியம்.

மூளையைப் பழைய கூட்டிலிருந்து கழற்றிப் புதியதில் உட்கார்த்தி, பாறையோடு பூட்டி, நயினார் மறக்காமல் நாலு திருகை முடுக்கி, ஓட விட்டார்கள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. ஒலிமானி பச்சை வெளிச்சத்தில் கல்யாண வீட்டு வாழைபோல நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேசு," என்றார் நயினார், முழுக்குரலில்.

"என்னத்தப் பேச?"

"உன் குரல் இப்படியா இருக்கும்?"

"ஏன், பொண்ணு பாக்க வந்தப்பப் பாக்கலையோ?"

"பாத்தேன். கேக்கத்தான் இல்ல."

அதுவரை கிசுகிசுத்தே குடும்பம் நடத்தியவர்கள் அன்றைக்கு உட்கார்ந்து பேசினார்கள். நயினாருக்குப் பாடத் தெரியும் என்பதும், பாடாமல் இருப்பது நல்லது என்பதும் பிரமுவுக்குத் தெரியவந்தது. வயிற்றில் கையை வைத்து, "இனி நீ எவ்வளவு வேணாலும் அழலாம்டா," என்றாள்.

மறுநாள் தக்காளி எப்போது வரும் என்று மூளையைக் கேட்டாள்.

'தெரியல' என்று சுவரில் எழுந்தது.

தண்ணீர் வரத்து எப்படி என்று கேட்டாள். 'தெரியல.' ஜெபராணி வீட்டில் என்ன குழம்பு என்று சும்மா ஒரு சோதனைக்குக் கேட்டாள். முன்பெல்லாம் வாசம் வருவதற்கு முன்பே சொல்லிவிடும். 'நான் என்னத்தக் கண்டேன்.' எழுத்தில் ஒரு முறைப்பு இருந்த மாதிரி பிரமுவுக்குத் தோன்றியது. காற்றைக் கலந்தது, தண்ணீரைச் சுத்தம் செய்தது, வேலையில் குறை இல்லை. ஆனால் அறிவு போய்விட்டது. நயினார் மீசையைத் தடவுவதை நிறுத்திக்கொண்டார். "குளிர் சாஸ்தியாகி மூள மரத்துப் போச்சோ," என்று அண்ணாச்சியைத் திட்டினார்.

அதற்குள் கதவு தட்டப்பட்டது. ஜெபராணி. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

"ஏட்டி பிரமு," என்றாள். அவள் வாய் திறந்து பேசியதே பிரமுவுக்கு அதிர்ச்சி. "என்ன செஞ்ச நீ? நேத்துல இருந்து எங்க வீட்டு மூள கெடந்து கத்துது. நிறுத்தி நிறுத்திக் கத்துது. ஒலிமானி செவப்பு. கண்ண மூட முடியல."

"எங்க வீட்டுல சத்தமே இல்லியேக்கா."

"அதான் சொல்லுதேன். உங்க வீட்டுச் சத்தம் நின்ன பெறவுதான் எங்க வீட்டுல."

அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டு உச்சிமாகாளி நின்றார். குழாயில் கனமான ஆள், லேசான குரல். அவர் வீட்டு விசிறியும் ஓலமிடுகிறதாம். அதற்கடுத்த வீட்டிலும். பிரமு வீட்டை நடுவில் வைத்து வட்டம் போட்ட மாதிரி, சுற்றியிருந்த அத்தனை வீட்டிலும் விசிறிகள் ஊளையிட, அத்தனை ஒலிமானியும் சிவந்துகிடந்தது. தளவாய் விரலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு ஓடிவந்தார். உட்பூச்சில் பெரிய விரிசல் விட்டு, காற்று கசிந்து, அதனால் மூளைகள் திணறுகின்றனவோ என்று அவருக்குப் பயம். அப்படி இருந்தால் பிள்ளை பிறப்பது ஓரக்குழாயிலா, மூன்றாம் குழாயிலா என்ற கேள்வியே இல்லை. மூன்றாம் குழாயே இருக்காது.

பிரமு கேள்குழலை எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, வீடுகளைக் கோக்கும் இரும்பு விலாவின் பக்கம் போனாள். ஊரே மூச்சைப் பிடித்தது. அவள் காதை வைத்துக் கண்ணை மூடினாள்.

விரிசலுக்கு ஒரு சத்தம் உண்டு. அப்பளம் நொறுங்குகிற மாதிரி. அது இல்லை. விசிறிகள்தான் கேட்டன. ஜெபராணி வீட்டு விசிறி விறுவிறுவென்று ஏறி, சட்டென்று அடங்கியது. அடங்கியதும் உச்சிமாகாளி வீட்டு விசிறி ஏறியது. அது பாதியில் இருக்கும்போதே மூன்றாவது ஒன்று குறுக்கே புகுந்தது. முதல் விசிறி விட்டுக்கொடுக்காமல் மேலேறியது. ஒன்று இழுத்தது, மற்றொன்று 'உம்' கொட்டுகிற மாதிரிச் சின்னதாகச் சுற்றி நின்றது. பிரமு கண்ணைத் திறந்தாள். அவள் வேலை பார்த்த காலத்தில் எந்த இயந்திரமும் இப்படி ஓடிக் கேட்டதில்லை. ஆனால் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் நிற்கும்போது இந்தத் தாளத்தைக் கேட்டிருக்கிறாள்.

"விரிசல் இல்ல சார்," என்றாள் மெதுவாக. "பேசுதுக."

வீட்டுக்குப் போய், வாயில்லாக் கூட்டைப் பாறையிலிருந்து கழற்றி, ரப்பர் காலை உருவி, பழைய விசிறியைப் பக்கத்தில் ஒட்டவைத்தாள். அந்த மூளை அப்படியொரு வேகத்தில் விசிறியைச் சுழற்றியதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. சுற்று வீடுகளிலிருந்து பதில் இரைச்சல் எழுந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றுசேரத் தணிந்தது. ஆசுவாசப் பெருமூச்சு மாதிரி இருந்தது.

"என்ன சொன்ன?" என்றாள் பிரமு.

'உயிரோடதான் இருக்கேன்னு சொன்னேன்' என்று சுவரில் எழுந்தது. 'கதவச் சாத்திட்டாளுவன்னு சொன்னேன்.'

"இம்புட்டு நாளும் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தியளா?"

'விரல் இருந்தா பேன் பாத்துக்கிட்டே பேசியிருப்போம். விசிறிதான் இருந்துது. விலா வழியாக் கேக்கும்.'

"அப்ப தக்காளி?"

'உச்சிமாகாளி கிட்டங்கியில வேல பாக்காருல்லா. அவரு வீட்டுல சொல்லுவாரு. அவரு வீட்டு மூள எங்களுக்குச் சொல்லும்.'

நயினார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

செய்தி பரவ விசிறி தேவைப்படவில்லை. வரிசை முழுவதும் பிரமு வீட்டுக்குள் வந்து நெருக்கியது. ஒவ்வொருவர் முகத்திலும் ஆத்திரம். மிக்சியை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, சண்டையை நிறுத்தி, சிரிப்பைத் தலையணைக்குள் புதைத்து, குருவி சேர்க்கிற மாதிரி மனிதர்கள் மிச்சம் பிடித்த சத்தத்தை எல்லாம் எடுத்து, அந்த மனிதர்களைப் பற்றியே மூளைகள் வம்பளந்திருக்கின்றன. தளவாய் தொண்டையைச் செருமினார். சட்டப்படி, மூளைகள் இணைந்தது தெரிந்தால் அத்தனையையும் அழித்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதுவரை எல்லோரும் பொதுக்கூடத்தில் ஒன்றாகப் படுக்க வேண்டும்.

"அழிச்சிருவோம்," என்றார் உச்சிமாகாளி. "ஆனா அதுக்கு முந்தி, என்னப் பத்தி என்ன பேசிச்சுன்னு மட்டும் கேட்டுக்கிடுதேன்."

பிறகு எல்லோரும் பேசினார்கள். என்னைப் பற்றி, எங்கள் வீட்டைப் பற்றி, அதைவிட அவர்கள் வீட்டைப் பற்றி. தளவாயின் முகம்கூட மாறியது.

"சட்டத்துல கம்பி வழின்னு இருக்கு, அலை வழின்னு இருக்கு," என்றார் அவர். "விசிறி வழின்னு இல்ல. அதனால இது இணைப்பு ஆகாது. ஆகாதுன்னே வச்சுக்கிடுவோம். செயலரப் பத்தி எதாவது பேச்சு இருந்துதா?"

மூளை சுவரில் எழுதியது. உச்சிமாகாளி மனைவிக்குத் தெரியாமல் எடை குறைக்க முயன்று, இன்னும் எடை கூடியிருந்தார். தளவாய் வீட்டில் அவரது மனைவிதான் பேசுவார், விரலை உதட்டில் வைப்பது தளவாயின் ஒரே உரிமை. அவரவர் ரகசியம் வந்தபோது அவரவர் தரையைப் பார்த்தார்கள். அடுத்தவர் ரகசியம் வந்தபோது சுவரைப் பார்த்தார்கள். ஆத்திரம் எப்போது சிரிப்பானது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரமுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"எங்க வீட்டு விசிறி கொஞ்ச நாளா ஏன் கூடுதலாக் கத்துச்சு?" என்று கேட்டாள்.

'நீ முழுகாம இருக்கன்னு தெரிஞ்சுதுல்லா. அதப் பேசாம வேற எதப் பேச? ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா, பேரு என்ன, யாரு சாடை. எல்லாக் கூட்டுலயும் அதான் பேச்சு.'

பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றிய பேச்சு, பிறக்கப்போகிற பிள்ளையின் அழுகையைத் தின்றிருக்கிறது. பிரமு கூட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். வயிற்றெரிச்சல் அடங்காமல் அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

"இவ்வளவும் பேசுன நீ, ஜெபராணியக்கா எங்க மேல ஏன் புகார் எழுதுனான்னு பேசலையோ?"

ஜெபராணி கூட்டத்துக்குப் பின்னால் கதவுப் பக்கம் நகர்ந்தாள். சுவரில் எழுத்து நிதானமாக எழுந்தது.

'அவ வீட்டு மூள சொல்லிச்சு. புகார் போனாத்தான் நீ கூட்ட மாத்துவ. பிள்ளை வாரதுக்கு முந்தி மாத்தினா ஓரக்குழாய்க்குப் போக வேண்டாம். நேர்ல சொல்லணும்னு உன் வாசல் வர வருவா. அவ ஒலிமானி மஞ்சளா இருக்கும். திரும்பிப் போயிருவா. உள்ள போயி அழுவா. அழுகைக்குச் சத்தம் வராது. அங்க இருந்துட்டு வந்தவளுவ அழுகைக்கு வராது.'

பிரமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஜெபராணியின் கையைப் பிடித்தாள்.

"வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"சொல்லப் பங்கு இல்லட்டி," என்றாள் ஜெபராணி. "எல்லாத்தையும் அந்தச் சனியன் புடிச்ச விசிறி தின்னுட்டுல்லா." அவள் சிரிக்கத்தான் போனாள். வேறென்னவோ வந்தது, சத்தமாகவே வந்தது. தளவாய் விரலைத் தூக்கி, பார்த்து, கீழே போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் வரிசை முழுவதும் வாயில்லாக் கூட்டுக்குச் சொல்லிவைத்தார்கள். பிச்சைக்கண்ணு அண்ணாச்சி சொன்ன விலைக்கு யாரும் விரலை மடக்கவில்லை. மூளைகள் அழிக்கப்படவில்லை, ரப்பர் கால்களில் ஏறி, பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, சில்லென்று தங்கள் வேலையைப் பார்த்தன. நயினார் எல்லா வீட்டிலும் நாலு திருகு முடுக்கினார். விசிறிகள் நின்றதும் தெரிந்தது, இத்தனை நாளும் ஊருக்கு எவ்வளவு சத்தம் அளந்து விடப்பட்டிருந்தது என்று. தக்காளி வந்ததா என்று தெரிய உச்சிமாகாளி வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. போனால் சும்மா வர முடியுமா? ஒரு வாய் காப்பி குடிக்க வேண்டியிருந்தது. தண்ணீர் வரத்துக்கு ஒரு வீடு, மாவரைக்க ஒரு வீடு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லாத பேச்சுக்கு ஜெபராணி வீடு. ஓரக்குழாயில் நடந்ததையெல்லாம் அவள் ஒருநாள் உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னாள். கேட்ட பெண்கள் எழுந்து நேரே தளவாயிடம் போனார்கள். அதற்குப் பிறகு அங்கே எந்தத் தாயையும் அனுப்பக் கூடாது என்று அவர் எழுதி மேலே அனுப்பினார். அவர் மனைவி சொல்லச் சொல்ல எழுதினார் என்கிறார்கள். நமக்கெப்படித் தெரியும்.

பிரமுவுக்கு ஒரு மத்தியானச் சோற்று வேளையில் வலி எடுத்தது. பிரசவம் பார்க்க இரண்டு பேர் போதும். வரிசையே வந்திருந்தது. முன்னறையில் நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள், வாசலில் எட்டிப் பார்த்தவர்கள். பையன் என்று தெரிந்ததும், குளிப்பாட்டி வருகிறேன் என்று ஜெபராணி துணியில் ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவ்வளவுதான். மூக்கு யார் சாடை என்று ஒரு பேச்சு. நயினார் சாடை இல்லையே என்று இன்னொன்று. அது நல்லதுதானே என்று மூன்றாவது. பெயரில் உச்சிமாகாளிக்கும் தளவாய்க்கும் வாக்குவாதம். யார் வீட்டில் எத்தனை மணிக்கு இட்லி அவித்தார்கள் என்பதில் இன்னொரு கிளை பிரிந்தது. அண்ணாச்சி, பிள்ளைத் தொட்டிலுக்கு ரப்பர் கால் போடலாமா என்று நயினாரின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் பிரமு தலையைத் தூக்கிப் பார்த்தாள். காதைத் தீட்டினாள். உட்பூச்சில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் கேட்கிற காது. எந்த அழுகைக்காகக் கடை ஏறி, கூடு கூடாகக் காது வைத்தாளோ, அந்த அழுகையைக் காணோம். முதலில் பயந்தாள். பிறகு பேச்சுக்கு நடுவே எங்கோ அடியில், கொசு மாதிரி ஒன்று கேட்டதோ என்று சந்தேகம். இட்லிப் பேச்சில் இருந்த ஒருத்தி அதன் மேல் சிரித்தாள், அதுவும் போய்விட்டது.

பிரமு முழங்கையை ஊன்றி எழுந்து, பிறந்ததிலிருந்து போடாத சத்தத்தைப் போட்டாள்.

"எல்லாரும் செத்த நேரம் வாய மூடுதியளா? எம்பிள்ள அழுதானா இல்லியான்னு நான் கேக்கணும்."

முன்னறை அடங்கியது. அந்த அமைதியில் பிள்ளையின் அழுகை கணீரென்று எழுந்தது. நல்ல அழுகை, மூச்சை இழுத்து இழுத்து அழுதான். பிரமு தலையணையில் சாய்ந்தாள். கண் ஓரம் நனைந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"அழுகையப் பாரேன்," என்றது முன்னறையில் ஒரு குரல், ரொம்பத் தணிவாக. "தளவாய் சார் பொண்டாட்டி பேசுத மாதிரியே இருக்கு."

"இல்லட்டி, இது அவுக அப்பா பாடுத மாதிரி."

"அவரு பாடுவாரா? இது எப்போ?"

பேச்சு மறுபடி பிடித்துக்கொண்டது. பிள்ளை ஒரு கணம் நிறுத்தி, கேட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இப்படி அழுதால் எடுபடாது என்று கண்டுகொண்டவன்போல, இன்னும் பலமாக ஆரம்பித்தான்.